ஓட்டைக்குள் விழுந்த தாலி

தென்காசியில் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் வீடியோ கடையில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். வேலை பார்த்தார்கள் என்று அண்ணாச்சி சொல்லமாட்டார். நான்தான் மரியாதைக்குச் சொல்கிறேன். கோமதிநாயகம், பேச்சிமுத்து, இசக்கி. மூவருமே சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். தொல்லையே அதுதான்.

அன்று அண்ணாச்சிக்குக் குற்றாலத்தில் ஒரு வளைகாப்பு. காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ஏல, இது வேலாயுதம் கல்யாணப் படம். ஒரே படத்த மூணு டிவிடியில காப்பி போட்டு வச்சிருக்கேன். வெள்ளையா இருக்க பக்கத்துல, தாலி கட்டுற போட்டோவ நேரா பிரிண்டு மெஷின்ல குடுத்து அடிச்சிருங்க. பேப்பர்ல அடிச்சு ஒட்டுனா உரிஞ்சு போவும். பளபளன்னு இருக்க பக்கம் கை படப்பிடாது. அந்தப் பையன் சாயங்காலம் மஸ்கட்டுக்குக் கிளம்புதான். இனி ரெண்டு வருசம் பொண்டாட்டி மொகத்த இதுலதான் பாக்கணும். சொதப்புனீங்க, நாளைக்கு ஒருத்தனும் கடைப்பக்கம் வரப்பிடாது."

மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

கை படக்கூடாது என்றதால் இசக்கி தரையில் மல்லாந்து படுத்து, முதல் டிவிடியை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் பிடித்துத் தூக்கினான். பாதி தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு கால் நடுங்கி, அது கீழே விழுந்து, பேச்சிமுத்துவின் குதிகாலுக்கு அடியில் நொறுங்கியது.

"விடுல," என்றான் இசக்கி. "கையி படல்லல்லா?"

இரண்டாவதைத் துண்டால் பிடித்து எடுத்தார்கள். மெஷினில் வைக்கப் போகும்போது கோமதிநாயகம் தடுத்தான். அவன்தான் மூவரில் விவரமானவன்.

"கல்யாணச் சாமான். பத்திரிகைன்னா நாலு மூலையிலயும் மஞ்சள் தடவுதோம். இதுக்கு வேண்டாமா?"

மஞ்சளைக் குழைத்தார்கள். டிவிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"மூலையக் காணமே," என்றான் பேச்சிமுத்து.

"கம்பெனிக்காரன் மறந்திருப்பான்," என்றான் கோமதிநாயகம். "நாம உண்டாக்கிருவோம்."

தகரம் வெட்டும் கத்தரி வந்தது. சுற்றிலும் நறுக்கி டிவிடியைச் சதுரமாக்கினார்கள். மங்களகரமாக நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் அதை மெஷின் எந்தப் பக்கமாகவும் ஏற்றுக்கொள்ளவில்லை.

மிச்சம் ஒன்றே ஒன்று. இந்த முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் கிஞ்சள் எதுவும் இல்லாமல் அடித்தார்கள். படம் அருமையாக விழுந்தது. மணப்பெண் இந்திராணி தலை குனிந்திருந்தாள். வேலாயுதம் அவள் கழுத்துப் பக்கமாக இரண்டு கையையும் நீட்டியிருந்தான். கைகள் போய்ச் சேர்ந்த இடத்தில் டிவிடியின் நடு ஓட்டை இருந்தது.

"தாலி எங்கல?" என்றான் பேச்சிமுத்து.

இசக்கி மெஷினைத் திறந்து எட்டிப் பார்த்தான். டிவிடி உட்காரும் தட்டில், ஓட்டை இருந்த இடத்தில், வட்டமாக மஞ்சள் கயிறும் நாலு விரலும் அச்சாகியிருந்தன.

"கெடக்கு! ஓட்ட வழியா உள்ள விழுந்து கெடக்கு!"

பதற்றத்தில் நகத்தால் சுரண்டினான். ஈர மை முழுக்க அவன் விரலுக்கு வந்துவிட்டது.

"ஏல பாவி!" கோமதிநாயகம் தலையில் அடித்துக்கொண்டான். "அடுத்தவன் பொண்டாட்டி தாலிலா அது! போய்க் கழுவு!"

"கழுவுனா தாலிய அறுத்த மாதிரி ஆயிராதா?" என்றான் இசக்கி, அழுகிற குரலில்.

அது நியாயமான கேள்விதான். அதனால் விரலை நீட்டியபடியே நின்றான். அந்த நேரம் பார்த்து வேலாயுதம் வந்து இறங்கினான். வாசலில் கார், காருக்கு மேலே பெட்டிகள்.

"ரெடியாண்ணே? ஒரு தடவ போட்டுக் காட்டுங்க. பாத்துட்டுக் கிளம்பிருதேன்."

மூவரும் சாமியைக் கும்பிட்டபடி போட்டார்கள். கெட்டிமேளம் முழங்கியது. வேலாயுதம் தாலி கட்டினான். இந்திராணி ஓரக்கண்ணால் அவனைப் பார்த்துச் சிரித்தாள். பார்த்துக்கொண்டிருந்த வேலாயுதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லும்போது எனக்கே பாவமாக இருக்கிறது. கலியாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"தாலி திரும்பப் படத்துக்குள்ள போயிட்டுல!" என்று இசக்கி காதோடு சொல்லிவிட்டு, நிம்மதியாக விரலைச் சட்டையில் துடைத்தான்.

வேலாயுதம் முகம் கழுவப் பின்பக்கம் போனான். கோமதிநாயகத்துக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"ஒருக்க ஓட்ட வழியா விழுந்தது, திரும்ப விழாதுன்னு என்ன நிச்சயம்? பிளேன் வேற ஆடும்."

பேச்சிமுத்து அடுத்த கடைக்கு ஓடினான்.

சாயங்காலம் அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"குடுத்தாச்சாலே?"

"குடுத்தாச்சு அண்ணாச்சி. போட்டுக் காட்டுனோம். அழுதுட்டாரு."

அண்ணாச்சியால் நம்ப முடியவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மூவருக்கும் டீ சொன்னார். டீ வந்ததும் கோமதிநாயகம் அடக்கமாக ஆரம்பித்தான்.

"தாலி வழியில விழுந்திரப்பிடாதுல்லா அண்ணாச்சி. குழாய் ஒழுகுனா அடைப்பாங்கல்லா, அந்தப் பசைய வாங்கி ஓட்டைய நல்லா அடைச்சு, உறையில போட்டுக் குடுத்துட்டோம். கல்லு மாதிரி இறுகிட்டு."

"ஓட்டை இல்லாம அது பிளேயர்ல எப்பிடில உக்காரும்?" என்று அண்ணாச்சி அலறினார்.

"கவலப்படாதீங்க," என்றான் இசக்கி, அலமாரியைக் காட்டி. "பசை நெறைய மிச்சம் இருந்துது. நம்ம கடையில இருக்க மத்த கல்யாணத்தையும் அடைச்சிட்டோம்."