நாவல் மரத்தில் ஏறிய மகாராஜா

மருதங்கோட்டை என்று ஒரு சின்ன ராஜ்யம். அதை ஆண்டவர் மகுடேச வர்மர். ஆள் கொஞ்சம் குள்ளம். அதனால் உயரமாக எதைப் பார்த்தாலும் அவருக்கு ஆகாது. நாவல் பழம் என்றால் மட்டும் உயிரை விடுவார். பழக்காலம் வந்துவிட்டால் ஊதா நாக்கோடுதான் தீர்ப்பே சொல்லுவார்.

அவருடைய கொலு மண்டபத்துச் சுவரில் படம் எழுத வந்தவன் இருளப்பன். மகாராஜா நாவல் மரத்தடியில் நிற்பது போலப் படம். இரண்டு மாதம் சாரத்தில் தொங்கிக்கொண்டு இலை இலையாக எழுதினான். முடித்ததும், பாராட்டு வரப்போகிறது என்று கைகட்டி நின்றான்.

மகாராஜா அண்ணாந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

“என் தலைக்கு மேலே நிற்பது யார்?”

“மரம், மகாராஜா.”

“என் சபையில் என்னைவிட உயரமாக நிற்க அதற்கு யார் அனுமதி கொடுத்தது?”

பக்கத்தில் தளவாய் கஸ்தூரிரங்கன் நின்றிருந்தார். சேனை முழுவதும் அவர் கையில். இந்தப் படவேலை தன் மைத்துனனுக்குக் கிடைக்கவில்லையே என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

“அதானே,” என்றார் தளவாய். “வெள்ளிக்கிழமை அயல்நாட்டுத் தூதர் வருகிறார். மருதங்கோட்டையில் ராஜா கீழே, மரம் மேலே என்று போய்ச் சொல்லமாட்டாரா?”

மகாராஜா உத்தரவு போட்டார். “வெள்ளிக்குள் மாற்றிவிடு. மரம் என்னைவிட உயரமாக இருக்கக் கூடாது. அதற்காக மரத்தைச் சிறிதாக்கவும் கூடாது, என்னைப் பெரிதாக்கவும் கூடாது. முடியாவிட்டால் யானைக் கொட்டடிக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போ. ஆயுசு முழுக்க அதுதான் வேலை.”

இருளப்பன் மரத்தை வளைத்துப் பார்த்தான். “என் மேல் விழப்போகிறதே!” என்று மகாராஜா ஒதுங்கி நின்றார். உத்தரவை மீறி மரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தான். “இது என்ன, கொத்தமல்லிக் கட்டா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

புதன்கிழமை மத்தியானம் இருளப்பன் சாரத்தின் மேல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அப்போது தாண்டவமூர்த்தி அந்தப் பக்கம் வந்தார். சபையில் சாதுரியமாகப் பேசுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் அவர்.

“ஐயா, எப்படியாவது காப்பாற்றுங்கள்,” என்றான் இருளப்பன். “எனக்கு யானை என்றால் பயம்.”

தாண்டவமூர்த்தி சுவரை மேலும் கீழும் பார்த்தார். “மரத்தைப் பழையபடியே எழுது. ஒரு இலை குறையக் கூடாது.”

“மகாராஜாவை என்ன செய்வது?”

தாண்டவமூர்த்தி அவன் காதில் ஏதோ சொன்னார். இருளப்பன் கையிலிருந்த தூரிகை நழுவிக் கீழே விழுந்தது.

“தலை போய்விடுமே ஐயா!”

“போனால் முதலில் என் தலைதான். நான் சொன்னதாகச் சொல்.”

மறுநாள் சபை கூடியது. திரையை விலக்கினார்கள். மரத்தின் உச்சிக் கிளையில் மகாராஜா. பட்டு, கிரீடம், உடைவாள் எல்லாம் இருந்தன. ஒரு கை கிளையை இறுகப் பிடித்திருந்தது. கால்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. மரத்தடியில் அவர் முன்பு நின்ற இடத்தில் ஒரு புதர்.

“நான் ஏன் மரத்தின் மேல் இருக்கிறேன்?” என்றார் மகாராஜா.

“எல்லாம் தங்கள் உத்தரவுப்படிதான்,” என்றார் தாண்டவமூர்த்தி. “மரம் தங்களைவிட உயரமாக இருக்கக் கூடாது. அளவும் மாறக் கூடாது. மரமோ இறங்கி வருவதாக இல்லை. அதனால் தாங்களே பெரிய மனது வைத்து ஏறிவிட்டீர்கள்.”

மகாராஜா கண்ணாலேயே அளந்து பார்த்தார். கிரீடத்துக்கு மேலே ஒரு இலைகூட இல்லை. பழமும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. “பரவாயில்லை,” என்றார்.

தளவாய்க்குப் பொறுக்கவில்லை. மகாராஜா மட்டும் மேலே போய்விட்டால் தன் மரியாதை என்ன ஆவது? “மகாராஜாவுக்கு அடுத்த இடம் எனக்குத்தானே? அடுத்த கிளையில் என்னையும் எழுது,” என்று இருளப்பனை அதட்டினார். அவனும் அன்றைக்கே எழுதி முடித்தான். மீசையைக்கூட விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. மகாராஜா படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

“தாண்டவமூர்த்தி, நான் எப்படி ஏறினேன் என்று தூதர் கேட்டால் என்ன சொல்வது?”

“அதைக் கேட்கமாட்டார், மகாராஜா. எப்படி இறங்கப்போகிறீர்கள் என்றுதான் கேட்பார்.”

மகாராஜா தொங்கும் கால்களைப் பார்த்தார். அவருக்கு உள்ளங்கால் கூசியது. அரியணையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இறங்க வழியே இல்லையா?”

“தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மரம் உயரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று.”

மகாராஜா இன்னொரு தடவை அந்தக் கால்களைப் பார்த்தார். “இருந்துவிட்டுப் போகட்டும். சீக்கிரம் இறக்குங்கள்.”

இருளப்பன் சாரத்தில் தாவி ஏறினான். உச்சியில் இருந்த மகாராஜாவைச் சுரண்டிவிட்டு இலைகளை எழுதினான். கீழே இறங்கிப் புதரைச் சுரண்டினான். பழைய மகாராஜா அதற்குப் பின்னால் பத்திரமாக நின்றார், நிழலில், இரண்டு கால்களும் தரையில். சாரத்தைப் பிரிக்கவும் தூதர் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

தூதர் சுவரைப் பார்த்து அசந்து நின்றார். பிறகு ஒரு விரலை நீட்டினார்.

“படம் பிரமாதம். ஆனால் மகாராஜாவின் தலைக்கு மேலே காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் யார்?”

சபை முழுவதும் தளவாயைத் திரும்பிப் பார்த்தது. தளவாயின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவசரத்தில் இருளப்பன் தளவாயை அடியோடு மறந்துபோயிருந்தான்.

தாண்டவமூர்த்தி முன்னால் வந்து கும்பிட்டார். “அவர் எங்கள் தளவாய். மகாராஜாவுக்கு நாவல் பழம் சாப்பிட ஆசை வந்தது. கிளையை உலுக்கிவிட ஏறியிருக்கிறார்.”

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்து மூக்கில் வந்து நின்றது. கையில் இருந்த கங்கணத்தைக் கழற்றித் தாண்டவமூர்த்திக்குப் போட்டார். எதிர்ச்சுவரிலும் படம் எழுதும்படி இருளப்பனுக்கு உத்தரவானது.

தூதர் போன பிறகு தளவாய் மெல்ல வந்து நின்றார். “மகாராஜா, என்னையும் இறக்கச் சொல்லுங்கள்.”

மகாராஜா படத்தை ஒருமுறை பார்த்தார்.

“அதற்குள் என்ன அவசரம், தளவாய்? மரத்தில் இன்னும் எவ்வளவு பழம் இருக்கிறது.”