பின்னால் ஓடுகிற வேலை

கோவில்பட்டியில் ஒரு குரு இருந்தார். பெயர் பொன்செல்வி, வயது முப்பத்திரண்டு. தாடியும் காவியும் கிடையாது. ஒரு ஸ்கூட்டி உண்டு. மாடிப்படிக்குக் கீழே வாடகைக்குப் பிடித்த சின்ன அறையில் கம்ப்யூட்டர் பழுதுபார்த்தார். சாயங்காலம் அதே அறையில் நாலைந்து பேருக்கு அந்த வேலையைக் கற்றும் கொடுத்தார். அதனால் ஊருக்கு அவர் டீச்சர்.

சீடர் பெயர் ஐயாத்துரை, வயது ஐம்பத்தாறு. தீப்பெட்டி ஆலையில் மெஷின் மெக்கானிக்காக இருந்தவர். ஆலையை மூடியபின் வீட்டில் சும்மா கிடந்தவரை அவர் மனைவி லீலாவதிதான் இந்த அறைக்கு விரட்டிவிட்டார். இந்த மாதிரிக் கதைகளில் சீடனை 'அவன்' என்று எழுதுவதுதான் வழக்கம். தலை நரைத்த மனிதரை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

கேள்விக்கு வாயால் பதில் சொல்லும் பழக்கம் குருவுக்குக் குறைவு. முதல் நாள் ஐயாத்துரை, கம்ப்யூட்டரில் எதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். குரு அவரை ஒரு கெட்டுப்போன கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, திரையில் இருப்பதை உரக்க வாசிக்கச் சொன்னார். பழுது என்னவென்று திரையிலேயே எழுதியிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு மெக்கானிக்குகள் அதைக் கழற்றிப் பூட்டியிருந்தார்கள். இரண்டு பேருமே வாசிக்கவில்லை.

பங்குனியில் லீலாவதி இறந்துபோனார்.

காரியம் முடிந்த மறுநாளே ஐயாத்துரை வேலைக்கு வந்து நின்றார். கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்று குரு சொல்லிப் பார்த்தார். வீட்டில் இருந்து என்ன செய்ய என்று கேட்டார் சீடர். அதன்பிறகு அவர் ஓர் இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஓடினார். யாரும் கூப்பிடாத நாளில் அறையில் கிடந்த பழைய கீபோர்டுகளைப் பிரித்து, பொத்தான் பொத்தானாகக் கழுவிக் காயவைத்தார். ஞாயிற்றுக்கிழமையும் வந்து கதவைத் திறந்தார். மனுஷன் தேறிவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தெருவுக்கு என்ன தெரியும்?

வேலைக்கு நடுவில் அவர் கை திடீரென்று நின்றுவிடும். ஸ்க்ரூடிரைவர் பிடித்தது பிடித்தபடி இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழாது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே திரும்பி வருவார். வந்ததும், விட்ட இடம் எது என்று தெரியாமல் விழிப்பார்.

ஒரு சனிக்கிழமை காலையில் அவர் தன் கருவிப் பையைக் கொண்டுவந்து குருவின் மேஜைமேல் வைத்தார். வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னார்.

"நேத்து ஒரு வீட்டுல பிளக்கப் பிடுங்காமலே பவர் சப்ளையத் திறந்துட்டு அப்படியே நின்னுட்டேன் டீச்சர். விரல் உள்ள இருக்கு. அந்த வீட்டம்மா சட்டையப் பிடிச்சு இழுத்தாங்க."

குரு அவர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதையும் விட்டுட்டா அப்புறம் நான் என்ன ஆவேன்னு தெரியல. பயமா இருக்கு. இது வராம நிப்பாட்ட ஏதாவது வழி இருந்தாச் சொல்லுங்க."

வழி எதையும் குரு சொல்லவில்லை. ஜெபராணி அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் நின்று நின்று போகிறதாம், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், எதையும் கழற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் பையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

ஜெபராணி வீட்டில் இருந்தபடியே கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர். திங்கட்கிழமை ஓர் ஆல்பம் கொடுத்தாக வேண்டும். பெண்ணின் முகத்தில் வெளிச்சம் கூட்டிக்கொண்டு இருக்கும்போதே திரை உறைந்துவிடுகிறது, மவுஸை இழுத்தால் அம்பு அசைய மாட்டேன் என்கிறது என்று அவர் புலம்பினார்.

ஐயாத்துரை கற்றபடி திரையை வாசித்தார். ஹார்ட் டிஸ்க் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமல் பின்னால் ஓடுகிற ஒரு வேலைதான் அதை அப்படி ஓட்டியது. அவர் அதைப் பிடித்து நிறுத்தினார். உடனே எல்லாம் சரியானது. ஜெபராணி சந்தோஷமாகக் காபி போடப் போனார். காபி வருவதற்குள் அது திரும்ப வந்துவிட்டது. மறுபடியும் நிறுத்தினார். மறுபடியும் வந்தது.

கடைசியில் அது எழுந்திருக்கவே முடியாதபடி முடக்கினார். கம்ப்யூட்டர் பறந்தது. ஜெபராணி உட்கார்ந்து, தேடும் இடத்தில் ஒரு பெண்ணின் பெயரை அடித்தார். எப்போதும் பெயரை அடித்தால் அந்தக் கல்யாணத்துப் படமெல்லாம் வந்து நிற்கும். இப்போது ஒன்றுமே வரவில்லை. பெயர் சொன்னால் முகம் வராத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று அவர் கேட்டார்.

ஐயாத்துரை முடக்கியதை விடுவித்தார். விடுவித்த கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது.

ஜெபராணி இரண்டு முறை அண்ணே என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய், அங்கிருந்து குருவுக்குப் போன் செய்தார்.

"கம்ப்யூட்டர் நிக்குதுன்னுதான் கூப்பிட்டேன் செல்வி. வந்த அண்ணனும் நிக்காரு. நீ கொஞ்சம் வாயேன்."

குரு வந்து சேர்ந்தபோது சீடர் சுயநினைவுக்கு வந்து, வெட்கத்தோடு பையைக் கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னார். நிறுத்தினால் திரும்பி வருகிறது, மொத்தமாக முடக்கினால் அக்காவுக்கு எதுவுமே கிடைப்பதில்லை, தன்னால் ஆகாது என்றார்.

குரு கம்ப்யூட்டரைத் தொடவில்லை. வேலை முடிந்ததும் இதை என்ன செய்வீர்கள் என்று ஜெபராணியைக் கேட்டார்.

அதில் என்ன சந்தேகம், சுவரில் சுவிட்சை அணைப்போம் என்றார் ஜெபராணி. இந்தத் தெருவில் ஒரு தடவை இடி விழுந்து வீட்டுக்கு வீடு டிவி போய்விட்டது. அன்றிலிருந்து இது தெருவுக்கே சட்டம். சாப்பிட எழுந்தாலும் சுவிட்ச், கடைக்குப் போனாலும் சுவிட்ச், கம்ப்யூட்டர் உறைந்தாலும் சுவிட்ச். சும்மா இருக்கிற மெஷினுக்கு எதற்குக் கரண்டு என்பது அவர் கட்சி.

"புதுசா நெறைய படம் ஏத்துனீங்களாக்கா?"

ஏற்றியிருந்தார். இத்தனை வருஷத்து ஆல்பங்களும் சி.டி.க்களாக அட்டைப்பெட்டியில் தூங்கின. இந்த வருஷம்தான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உள்ளே ஏற்றினார். அதற்குப் பிறகுதான் இந்தத் தொந்தரவு.

குரு அப்போதுதான் திரையைக் காட்டினார். "இது கெட்டது இல்ல அண்ணாச்சி. உள்ள வந்த ஒவ்வொண்ணையும் எடுத்துப் பாத்து, எது எங்க இருக்குன்னு குறிச்சு வைக்கிற வேலை. யாரும் தொடாத நேரத்துலதான் செய்யும். இந்த வீட்டுல அப்படி ஒரு நேரமே இல்ல. அக்கா போன்ல பேச ஒரு நிமிஷம் கையெடுத்தா, இதான் சாக்குன்னு ஆரம்பிக்குது. அதுக்குள்ள சுவிட்ச அணைச்சிருதாங்க. எழுதுனது பாதியில கெட்டுப்போகுது. திரும்ப முதல்ல இருந்து."

"அப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. சும்மா விடணும்."

ஜெபராணிக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் சாப்பாட்டு வேளை நெருங்கியதால் அடுப்படிக்குப் போனார். குரு தரையில் சுவரோரமாக உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் பெட்டியில் ஒரு சின்ன விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

ஐயாத்துரை உட்காரவில்லை. பிரஷ்ஷை எடுத்து ஜன்னலோரத்துத் தூசியைத் தட்டப் போனார். குரு பிரஷ்ஷை வாங்கிப் பையில் போட்டு, பையைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். சீடர் போனை எடுத்தார். குரு கையை நீட்டினார். போனையும் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு நின்றார் ஐயாத்துரை.

"நான் வேணா அடுத்த வீட்டுக்கு…"

"உக்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தார். முதலில் காலை நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார். அடுப்படியில் தாளிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் அசையவில்லை. கண் எங்கோ போய்விட்டது. குரு அவரைக் கூப்பிடவும் இல்லை, தொடவும் இல்லை.

வெகு நேரம் கழித்து ஐயாத்துரை பேசினார். குருவிடம் பேசியதாகச் சொல்ல முடியாது.

"அன்னைக்கு அவ காபி கேட்டா. சீனி கம்மியா வாங்கிட்டு வாங்கன்னா. ஆஸ்பத்திரி வாசல்ல கூட்டம். பிளாஸ்க்குல வாங்கிட்டு மேல வந்தா, கட்டிலச் சுத்தி நர்ஸுங்க நிக்காங்க."

விளக்கு எரிந்து அணைந்து எரிந்தது.

"அந்தக் காபிய என்ன செஞ்சேன்னு தெரியல டீச்சர். கை நிக்கும்போதெல்லாம் அதத்தான் தேடுதேன். கையில பிளாஸ்க் இருந்துச்சு. அப்புறம் இல்ல. எங்க வச்சேன்? கண்டுபிடிக்கதுக்குள்ள யாராவது கூப்பிட்டுருதாங்க. இல்லன்னா நானே எந்திரிச்சு ஓடிருதேன்."

 சீடர் எழுந்து ஓடாமல் இருந்தால் போதும் என்று மட்டும் குரு நினைத்துக்கொண்டார்.

ஐயாத்துரை நெற்றியைச் சுருக்கினார். உள்ளே எதையோ ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பக்கத்துக் கட்டில் என்றார். அந்தக் கட்டிலில் கிடந்தவருக்குத் துணைக்கு ஒரு அம்மா இருந்தாள் என்றார். அவள் பேர்கூடத் தெரியாது என்றார். அப்புறம் அவர் குரல் மாறிவிட்டது.

"அந்தம்மாதான் பிளாஸ்க்க வாங்குச்சு. மூடியில ஊத்தி என் வாயில வச்சுச்சு. குடிங்கய்யா, விழுந்துராதீங்கன்னுச்சு. குடிச்சேன் டீச்சர். அவ கேட்ட காபிய நான் குடிச்சேன். சீனி கம்மியா இருந்துச்சு."

அதைச் சொன்னதும் அழுகை வந்தது. பங்குனியில் அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. பெரிய ஆள், தோள் குலுங்க, வேட்டி நுனியை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். ஜெபராணி கரண்டியோடு வாசல்வரை வந்து பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போய் அடுப்பைத் தணித்தார்.

 வாரம் தவறாமல் தனக்குத் தூக்குச்சட்டியில் மீன்குழம்பு கொடுத்தனுப்பிய லீலாவதியைக் குருவும் நினைத்துக்கொண்டார். அவர் கண்ணும் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த இடத்தில் குருவை ரொம்பப் பிடிக்கும்.

அழுது ஓய்ந்தபோது வீடு அமைதியாக இருந்தது. ஐயாத்துரை முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். விளக்கு மினுக்குவதை நிறுத்தியிருந்தது. ஜெபராணியைக் கூப்பிட்டார்கள். அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, அதே பெண்ணின் பெயரை அடித்தார். அடித்து முடிப்பதற்குள் அந்தப் பெண் மாலையும் கழுத்துமாக வந்து நின்றாள். ஜெபராணி உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார். திரை ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

வெளியே வந்து குரு ஸ்கூட்டியை எடுத்தார். நாளையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கிடையாது என்று சொல்லி, அறைச் சாவியைத் திருப்பிக் கேட்டார். சீடர் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். குரு பையை அவரிடம் நீட்டி, திங்கட்கிழமை கொண்டுவாருங்கள் என்றார். அவர் அதை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

மாட்டிக்கொண்டும் அவர் நகரவில்லை.

"எல்லாம் பாத்து முடிச்சிருச்சுல்ல டீச்சர். இனி வராதுல்ல?"

குரு வண்டியை அணைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"வரும் அண்ணாச்சி. தினமும் வரும். ஆனா அன்னன்னைக்கு உள்ளத மட்டும் பாத்துட்டுப் போயிரும்."