எந்த ஊரைக் காட்டுவது

ஏலகிரி அடிவாரத்து ஆசிரமத்தில் எங்களுக்கெல்லாம் குரு சுடர்மதி அம்மா. சீடர் தில்லைநாயகம் அவரைவிட வயதில் மூத்தவர். திருச்சியில் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்தவர். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த ஒரு காரியத்தை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

ஒருநாள் காலை அவர் கேட்டார்.

"அம்மா, எந்த விபிஎன்னை நம்பலாம்?"

"அப்படின்னா?"

"நாம இருக்கிற ஊரை மறைச்சு, நெட்டுல வேற ஊரைக் காட்டும். மூணு பார்த்துட்டேன். முதல்ல வெச்சிருந்தது இலவசம். எலிப்பொறியில வெக்கிற தேங்காய்ச் சில்லும் இலவசம்தானே? நம்ம விவரத்தை வித்துடுவான்னு கேள்விப்பட்டு விட்டுட்டேன். ரெண்டாவது சோதிச்சுப் பார்த்தப்பவே நடுநடுவே தானா நின்னு, இருக்கிற ஊர் வெளிய தெரிஞ்சுது. மூணாவது காசு கட்டினது. ஆமை வேகம், ஆனா இதுவரைக்கும் கசியல."

"எதுக்கு இவ்வளவு பாடு?"

"எங்க வீட்டுப் போட்டோவெல்லாம் நெட்டுல ஒரே இடத்துல இருக்கு. மகள் புதுசா ஏத்தினா நானும் திறந்து பார்ப்பேன். எந்த ஊர்ல இருந்து திறந்தாங்கன்னு அது அவளுக்குக் காட்டிடும். அதான் வந்ததுல இருந்து சிங்கப்பூரைக் காட்டிட்டிருந்தேன். இப்போ ரெண்டு மாசமா திறக்கவே இல்ல. எது நம்பகமானதுன்னு தெரியணுமே."

"அவ கண்டுபிடிச்சா என்ன?"

"அவ வந்து நின்னா நான் கூடப் போயிடுவேன் அம்மா." சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"திறங்க. நானும் பார்க்கிறேன்."

ஆபீஸ் கம்ப்யூட்டரில் மூன்றாவது விபிஎன்னைப் போட்டுத் திறந்தார். நான் பின்னால் நின்றிருந்தேன். புதுப் படங்கள் வந்திருந்தன.

ஒரு கோயில் வாசல். மகள் நறுமுகை நின்றிருந்தாள். கையில் அப்பாவின் பெரிய போட்டோ. கீழே சிங்கப்பூர் என்று இருந்தது. அடுத்த படம் ஒரு சாப்பாட்டுக் கடை. அதே போட்டோவைக் கடைக்காரரிடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ எதுக்கு அங்க போனா?"

"நீங்க அங்கதானே இருக்கீங்க," என்றார் அம்மா.

அதற்கடுத்த படம் திருச்சி வீட்டுக் கூடம். மனைவி செண்பகத்தின் போட்டோவுக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருந்தது. கீழே நறுமுகை எழுதியிருந்தாள்: 'கடைசி நேரத்துல நானும் பக்கத்துல இல்லப்பா. உங்களைத் தேடிட்டு இருந்தேன்.'

தில்லைநாயகம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பாவி மனுஷனுக்கு அழக்கூட வரவில்லை.

அம்மா பக்கம் திரும்பினார்.

"இப்போ இந்த விபிஎன்னை நிறுத்திட்டுத் திறந்தா, பஸ் ஏறினா வந்துடுற தூரத்துலதான் இவ்வளவு நாளும் இருந்திருக்கேன்னு தெரிஞ்சிடும். அதை அவ எப்படித் தாங்குவா அம்மா?"

"தாங்க மாட்டா. வாயில வந்தபடி திட்டுவா. நிறுத்துங்க ஐயா. சாய்ஞ்சு அழ மடி இல்லாமப் போன பொண்ணுக்கு, திட்டவாவது ஒரு அப்பா இருக்கட்டும்."