நர்ஸையா வைத்த ஆவாரை

தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு கரட்டு மேட்டில் ரங்காத்தாள் என்ற துறவி இருந்தார். வயது நாற்பத்தாறு. முன்பு விசைத்தறி ஓட்டியவர். அவருக்கு ஒரே சீடர், சென்னியப்பன். சீடருக்கு வயது அறுபத்திரண்டு. அரசு மருத்துவமனையில் முப்பத்தோரு வருடம் ஆண் நர்ஸாக இருந்துவிட்டு மேடு ஏறி வந்தவர். குரு அவரை நர்ஸையா என்றுதான் கூப்பிடுவார்.

ஓர் ஆடி மாதம் ரங்காத்தாளுக்கு ரத்தத்தில் நோய் என்று தெரிந்தது. ஒரு வருடம் தாண்டினால் அதிசயம் என்றார் டாக்டர்.

சென்னியப்பன் அழவில்லை. அந்த வேலையை மற்றவர்களுக்கு விட்டுப் பழகியவர். மறுநாள் ஒரு கைப்பிடி ஆவாரை விதையோடு வந்தார்.

"எதுக்குங்க இது?"

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோன்னு சொல்லுவாங்களேம்மா."

"அதுக்குக் கஷாயமல்லோ வெச்சுக் குடிக்கோணும்?"

"பூத்திருக்கன்னுதானுங்க சொல்லியிருக்குது."

குரு சிரித்தார். தடுக்கவில்லை. மேட்டைச் சுற்றி ஒரு செடிகூட மிச்சமில்லை. சோலார் தகடு பதிக்க வந்தவர்கள் புதரையெல்லாம் வழித்துவிட்டிருந்தார்கள்.

விதைத்தார். இருபது நாளாகியும் முளைக்கவில்லை.

"தோலு கெட்டிங்க. கல்லுல தேய்ச்சு, சுடுதண்ணில ஊற வெச்சுப் போடுங்க" என்றார் குரு.

முளைத்தது. தொட்டியில் வளர்த்துப் பெயர்த்து நட்டார். வாடிச் செத்தது.

"ஆணிவேர அறுத்துப்போட்டு நில்லுன்னா நிக்குமாங்க? நிக்கப்போற எடத்துலயே வெதைங்க."

மூன்றாவது முறை குடிசை வாசலுக்கு நேரே விதைத்தார். மூன்று செடி வந்தது. இனி சென்னியப்பன் எதையும் விதியிடம் விடுவதாக இல்லை. குச்சி நட்டு, பழைய சலைன் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, வேருக்குக் குழாய் இழுத்தார். இரவும் பகலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வாரம் ஒரு கூடை எரு.

குரு சுவரைப் பிடித்து வந்து பார்த்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"செடிய ஐ.சி.யூ.ல வெச்சுட்டீங்களாக்கும்!"

செடி நெஞ்சுயரம் வந்தது. கரும்பச்சை இலை. ஒரு மொட்டு இல்லை. தை போயிற்று, சித்திரை போயிற்று, மறு ஆடியும் வந்தது. குரு கட்டிலோடு கிடந்தார்.

"ஒரு குறையும் வெக்கலீங்களேம்மா. எலையாவே போவுதுங்க."

"அதுதானுங்க. கொழாயப் புடுங்குங்க."

எத்தனையோ குழாயைப் பிடுங்கிய கை. இப்போது எழவில்லை.

"செத்துப்போச்சுன்னா?"

"புடுங்குங்க நர்ஸையா."

பிடுங்கினார். வெயிலில் பாதி இலை கொட்டியது. அதன்பின் அவர் செடியின் பக்கம் திரும்பவே இல்லை. குருவின் மணிக்கட்டைப் பிடித்தபடி கட்டிலோரம் இருந்தார்.

புரட்டாசியில் ஒரு காலை. அழுக்குத் தண்ணீரைக் கொட்டக் கதவைத் திறந்தார். ஏதோ ரீங்காரம் கேட்டது. டிரான்ஸ்பார்மர் என்று நினைத்தார். தேனீ. மூன்று செடியும் மஞ்சளாக நின்றன. இலை தெரியவில்லை, கொம்பு தெரியவில்லை. கொட்டிப் போனதற்கெல்லாம் சேர்த்துப் பூத்த மாதிரி ஒரு பூப்பு. பாத்திரம் கையிலேயே இருக்க, நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். எந்தச் சாமி முன்னாலும் வாய் பிளந்திராதவர், அங்கே பிளந்தார்.

பிறகு உள்ளே ஓடினார்.

"பூத்திருச்சுங்கம்மா!"

சொல்லிக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்தார். நாடி நூலாக இழைந்தது. அந்த நூல் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். முதல் முறையாகக் குரல் உடைந்தது.

"அப்ப அந்தச் சொல்லு பொய்யுங்களா?"

"பொய்யில்லீங்க. நீங்க எங்க பாத்துட்டிருக்கறீங்க?"

"உங்களைத்தானுங்க."

"நாடிய விடுங்க. கட்டில வாசப்பக்கமாத் திருப்பிப்போட்டு, முன்னால உக்காருங்க. ரெண்டு பேரும் அங்க பாப்போம்."

திருப்பிப் போட்டார். குருவுக்கு முதுகைக் காட்டி, தரையில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. பூ இன்னும் மஞ்சளானது. ஒரு முறை திரும்பிவிடத் தோன்றியது. திரும்பவில்லை.

மதியம், மேட்டுப்பக்கம் வந்த ஆட்டுக்காரர் போய்ச் சொல்ல, இறப்பைப் பதிந்துகொள்ளத் தலையாரி நோட்டோடு மேடு ஏறி வந்தார்.

"அம்மா எத்தன மணிக்குங்க போனாங்க?"

முப்பத்தோரு வருடமும் அந்தக் கேள்விக்கு நிமிடம் பிசகாமல் பதில் சொன்னவர் சென்னியப்பன். செடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"நான் காணலீங்க."