கொக்கியின் வளைவு

“ஒரே இரும்பு, ஒரே அடுப்பு. அதுல எத்தனை இடத்துலதாம்மா அழுத்திப் பாக்கிறது? ஒரு குழி போதாதா?”

கேட்டவர் சிற்றம்பலம். முப்பது வருடம் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே இரும்பைக் கணித்தவர். ஐம்பத்து மூன்றாம் வயதில் பிலோமினாவிடம் சீடராகச் சேர்ந்திருந்தார்.

பிலோமினா இன்ஜினீயர். அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். எஃகுக் குண்டை இரும்பின்மேல் அழுத்தி, விழும் குழியை அளந்து கடினத்தைச் சொல்லும் முறையை அந்தத் துறைமுகத்தில் முதலில் தொடங்கியவர். குழி அகலமாக விழுந்தால் இரும்பு மென்மை.

“புதுக் கொக்கிக்குக் கையெழுத்துப் போட்டாச்சா, அண்ணாச்சி?”

“போட்டாச்சு. கிரேன்ல மாட்டியும் ஆச்சு.”

பிலோமினா எழுந்து வெளியே நடந்தார்.

கிரேன் ஒன்பது டன் இரும்புத் தகடுகளைத் தூக்கிக்கொண்டிருந்தது. அவர் நேராகப் போய் அந்தப் பாரத்தின் அடியில் நின்றார்.

கிரேன் ஓட்டும் மிக்கேல் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டான். பாரம் அந்தரத்தில் நின்றது.

“அம்மா, வெளிய வாங்க.” பின்னாலேயே வந்த சிற்றம்பலம் கத்தினார்.

“ஏன்? நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க.”

“போட்டேன்.”

“குழி எங்க எடுத்தீங்க?”

“மேல, தண்டுல.”

“பாரம் எங்க தொங்குது?”

சிற்றம்பலம் அண்ணாந்து பார்த்தார். பாரம் முழுவதும் கொக்கியின் வளைவில் இருந்தது. வளைவில் குண்டு வழுக்கும் என்று அந்த இடத்தை அவர் விட்டிருந்தார்.

சங்கிலி ஒருமுறை முனகியது.

அவர் ஓடினார். பாரத்தின் அடியில் புகுந்து, பிலோமினாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

மிக்கேல் பாரத்தை இறக்கினான். கொக்கியைக் கழற்றினார்கள்.

சிற்றம்பலம் வளைவில் விரல்நுனி அகலத்துக்கு அரத்தால் தட்டையாக்கினார். குண்டை வைத்து அழுத்தினார். அளந்தார். இன்னும் இரண்டு இடத்தில் அழுத்தினார். மறுபடி அளந்தார்.

மூன்றும் சின்னக் குழிகள். தண்டில் விழுந்த அதே அளவு.

அவருக்கு மூச்சு வந்தது. கூடவே கொஞ்சம் கோபமும்.

“பாத்தீங்களாம்மா? கொக்கி முதல்லயே சரியாத்தான் இருந்திருக்கு.”

“உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது, அண்ணாச்சி?”