ஒரு சாண் கூடிய வட்டம்

கோவில்பட்டிக்குத் தெற்கே, ஆவுடையாபுரத்து ஹாக்கி மைதானத்தில் கோடு போடுவதே கழுகாசலனாரின் தொழில். அதுவே அவருடைய பூசையும். விடியுமுன் குளித்துவிட்டு, மைதானத்து ஓரம் வேப்பமரத்தடியில் நிற்கும் கல் முருகனுக்கு ஒரு குடம் நீர் வார்ப்பார். பிறகு சுண்ணாம்புத் தூள் நிறைந்த சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அடிக்கொரு முறை "முருகா" என்றபடி வெறுங்காலோடு நடப்பார்.

கோல் அடிக்கும் அரைவட்டத்தில் மட்டும் அவருக்கு ஒரு பிழை உண்டு. கயிற்று நுனியைப் பிடித்த கைக்கு அப்பால் மறுகையால் தூவுவதால், வட்டம் எப்போதும் ஒரு சாண் கூடிவிடும். யார் சொல்லியும் அது திருந்தவில்லை.

மாவட்டத் தலைநகரில் பச்சைச் செயற்கைத் தரை வந்ததும் ஆட வந்த பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். அவருடைய மனைவியாரும் காலமானார். ஆளில்லாத வீட்டிலிருந்து ஆளில்லாத மைதானத்துக்கு வந்து, நாள் தவறாமல் கோடு போட்டார் கழுகாசலனார்.

"யாருவே வெளையாடப் போறா? ஒம்ம முருகனும் வள்ளியுமா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

"யாராச்சும் வந்தா கோடு இருக்கணும்லா" என்பார், தலை குனிந்து.

மைதானத்தை லாரி நிறுத்துமிடமாக்கப் பேச்சு எழுந்தது. அதிகாரி பார்வையிட வரும் நாளில் கோடும் ஆட்டமும் இல்லையென்றால் மைதானம் போய்விடும். அந்த நாள் விடியலில்தான் கடுங்காய்ச்சல் அவரை வாசற்படியிலேயே சரித்தது. ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. "அப்பனே, இன்னைக்கு மட்டும் நீ பாத்துக்கோ" என்றார். கண் இருண்டது.

உச்சிப் பொழுதில் அவரை எழுப்பியவள் பேச்சித்தாய். அந்த மண்ணில் ஆடிப் பழகி, இப்போது இந்திய அணியில் ஆடுபவள்; லாரிச் செய்தி கேட்டு ஊருக்கு வந்திருந்தாள்.

"தாத்தா, கிரவுண்டு தப்பிச்சிட்டு! யாரும் ஆடாத எடம்னாரு ஆபீசர். ஒங்க வட்டத்து விளிம்புல நின்னு அடிச்சுக் காட்டினேன். 'இப்படித் தள்ளி நின்னு அடிச்சுப் பழகின கைதான் சார் வெளிநாட்டுல ஜெயிக்குது. இத மூடிட்டா அந்தப் பச்சைத் தரைக்கு ஆளு எங்கேருந்து வரும்?'னு கேட்டேன். லாரி வராதுன்னு எழுதிக் கொடுத்துட்டாரு."

"கோடு யாரு தாயி போட்டா? நான் வரலையே."

"சும்மா இருங்க தாத்தா! வட்டம் ஒரு சாண் கூடல்லா இருந்துச்சு? ஒங்களத் தவிர யாருக்கு வரும் அந்தத் தப்பு?"

கழுகாசலனார் அவள் தோளைப் பற்றிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நடந்தார். கல் முருகனின் திருவடிகளிலும், வேல் பிடித்த கையிலும் வெள்ளைவெளேரென்று சுண்ணாம்பு படிந்திருந்தது. நீர் வார்க்கக் குடத்தை எடுத்தவர், அந்த வெள்ளையைக் கழுவ மனம் வராமல் கீழே வைத்துவிட்டு விம்மினார்.

அடியவரின் பிழையையும் அளவு மாறாமல் ஆண்டவனே போட்டுத் தந்தான் என்றால், துணையின்றி அவர் செய்த தொண்டை நாம் எந்தக் கயிற்றால் அளப்பது?