'சர' போதாமல் போன நாள்

அந்தக் காலத்தில் பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். எந்தச் சத்தத்தையும் ஒரே ஒரு தரம் சொல்வார்கள். சருகு விழுந்தாலும் 'சர', ஓணான் ஓடினாலும் 'சர'. அதற்கு மேல் யாரும் நாக்கை வருத்திக்கொள்ளவில்லை.

மாராயிக்குப் பிள்ளை பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பங்குனி வெயில் ஏறுவதற்குள் இலுப்பைப் பூ பொறுக்கியாக வேண்டும். தோப்பில் ஒரு மரத்தடியில் சருகை ஒதுக்கி, பழந்துணியை விரித்துப் பிள்ளையைப் படுக்கவைத்தாள். கிளையில் இருந்த தவிட்டுக்குருவியிடம், சத்தம் ஏதாவது கேட்டால் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனாள். போனாளே தவிர, ஒரு பூ எடுத்தால் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். போன வருஷம் இதே தோப்பில்தான் அவள் நாத்தனாரை விரியன் கடித்தது.

"சர" என்றது குருவி. மாராயி கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஒரு சருகு விழுந்து கிடந்தது. சற்று நேரம் கழித்து மறுபடியும் "சர". மறுபடியும் ஓடிவந்தாள். ஓணான். மூச்சு வாங்கியது. குருவியைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அவள் கேட்டுக்கொண்டதைத்தானே அது செய்கிறது.

அடுத்துக் குருவி கண்டது விரியனை. சருகுக்குள் நெளிந்து, துணியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

"சர" என்றது.

"இலையாக இருக்கும்" என்றாள் மாராயி, குனிந்தபடியே. ஆனால் பூவுக்கு நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

பாம்பு வருவதற்கென்று தனிச் சொல் எதுவும் குருவியிடம் இல்லை. இருந்த ஒரே சொல்லை, வாய் மூடுவதற்குள் இன்னொரு தரம் சொன்னது.

"சரசர."

அப்படி ஒரு சொல்லை மாராயி அதுவரை கேட்டதே இல்லை. இருந்தும் புரிந்துவிட்டது. விழுந்தது கிடக்கும், ஓடியது போய்விடும். இது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பாய்ந்து வந்தவள் துணியின் நுனியைப் பிடித்துப் பிள்ளையோடு சேர்த்துத் தன் பக்கம் இழுத்தாள். துணி கிடந்த இடத்தின் மேல் ஊர்ந்து விரியன் புதருக்குள் போயிற்று.

வீட்டுக்கு வந்தும் அவள் பிள்ளையைக் கீழே விடவில்லை. என்ன ஆயிற்று என்று புருஷன் சடையன் கேட்டான்.

"நெஞ்சு படபட என்கிறது."

'பட' என்றால் போதாதா என்று அவன் குழம்பினான்.

"ஒரு தரம் சொன்னால் நின்றுபோன மாதிரி இருக்கிறது. எனக்கு இன்னும் நிற்கவில்லையே" என்றாள்.

அன்று முதல்தான் மழை சடசடவென்று பெய்கிறது. அகப்பட்டவன் திருதிருவென்று விழிக்கிறான். பிள்ளைகள் கொழுகொழுவென்று வளர்கிறார்கள். இவற்றில் ஒரு பாதியை மட்டும் பிய்த்தெடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.